மூன்று துறையும் ஒரு முடிவுரையும்

பல்துறை முனைவர் பட்டத் திட்டத்துக்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்டபோது எங்கள் துணைவேந்தர் ஒரு காரணம் சொன்னார். நான் புவியியல் பேராசிரியை. அறிவியல் கட்டிடத்தில் இருப்பவர்கள் புவியியலைக் கலைப் பாடம் என்பார்கள். கலைக் கட்டிடத்தில் இருப்பவர்கள் அது அறிவியல் என்று கைகாட்டிவிடுவார்கள். "நீங்க யாருக்கும் சொந்தமில்லாத ஆளும்மா, அதனால உங்ககிட்ட யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க" என்றார். அது பாராட்டா வசவா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சண்டைக்கு மட்டும் எல்லாரும் தவறாமல் வந்தார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்தத் திட்டம் பெரிய விஷயமாகத் தெரியும். ஒரே துறைக்குள் அடங்காத கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு மாணவர் வந்தால், மூன்று துறைகளிலிருந்து மூன்று நெறியாளர்கள் சேர்ந்து அவரை வழிநடத்த வேண்டும். மூவரும் சமம். மூவரும் ஒருமனதாகச் சரி என்றால்தான் ஆய்வேடு அடுத்த கட்டத்துக்குப் போகும். இந்த விதியை எழுதியவர் யாரோ நல்ல மனசுக்காரர். மூன்று பேராசிரியர்களை ஒரே அறையில் உட்காரவைத்துப் பார்த்த அனுபவம் அவருக்கு இருந்திருக்காது.

முதல் தகராறே அந்த அறைதான். திட்டத்துக்கென்று தனி அறை கிடையாது, பியூன் கிடையாது. நூலகத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே உள்ள நடையில் ஒரு இரும்பு பீரோ நிற்கும். அதுதான் எங்கள் அலுவலகம். கூட்டத்தை ஏதாவது ஒரு துறையில்தான் வைக்க வேண்டும். எந்தத் துறையில் வைத்தாலும் அந்தத் துறைத் தலைவர் தன் சுழல் நாற்காலியில் சாய்ந்துகொள்வார், மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி வரும். அடுத்த முறை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிடுவார். கூட்டம் நடக்காது. மாணவருக்கு ஒரு பருவம் போய்விடும்.

கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் வீடு ஏற்காட்டில், கரடியூர் போகிற சாலையில் இருக்கிறது. அங்கிருந்துதான் தினமும் மலையிறங்கிப் பல்கலைக்கழகம் போய் வருகிறேன். கூட்டங்களை என் வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரி பிரம்பு நாற்காலி. எல்லாமே கொஞ்சம் ஆடும். ஏற்காடு என்றதும் மூவரும் உடனே தலையாட்டிவிட்டார்கள். கூட்டம் என்பதை மறந்து சுற்றுலா என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நினைத்துக்கொள்ளட்டும், வந்து சேர்ந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கதையில் வருகிற மூவரையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தாவரவியல்காரர் வயதில் மூத்தவர், நல்ல மனிதர். ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் அவருக்கு ஆகாது. மேலே வந்து காரிலிருந்து இறங்கியதும் நேராக என் வேலியோரத்துக்குப் போய் வாந்தியெடுத்துவிட்டு, குனிந்தபடியே அங்கிருக்கும் செடியின் பெயரைச் சொல்வார். பொருளாதார அம்மாள் என் வயதுக்காரி. வாயைத் திறந்தால் மூச்சு விடாமல் பேசுவார், அதில் பாதி கேள்வியாக இருக்கும். வரலாற்றுக்காரர் இளையவர், சந்தேகப் பிராணி. காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு டீ கேட்கிற ஆள். காப்பிக் கொட்டை வறுக்கிற வாசனை வீடெல்லாம் நிறைந்திருக்கும்போது, "மேடம், டஸ்ட் டீ இருக்கா?" என்பார். அவருக்காகவே நான் ஒரு பொட்டலம் டீத்தூள் வாங்கி வைக்க ஆரம்பித்தேன்.

இவர்களுக்கு முன்னால் உட்கார வேண்டியவள் எங்கள் மலைக் கிராமங்களில் ஒன்றான மாரமங்கலத்துப் பெண். மலையிலேயே தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்க்கிற குடும்பம். சிறுவயதிலேயே விடுதிப் பள்ளியில் சேர்ந்து, படித்துப் படித்து மேலே வந்தவள். சேலத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி கேட்பதற்கு எளிமையானது: இந்த மலைக் கிராமங்களில் ஒரு காலத்தில் காடெல்லாம் சாமை விளைந்ததே, அது ஏன் காப்பியும் மிளகுமாக மாறிப்போனது? இதற்குப் பதில் தேட வேண்டுமானால் பயிரைத் தெரிந்திருக்க வேண்டும், கூலியைத் தெரிந்திருக்க வேண்டும், பழைய சங்கதிகளைத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் திட்டம் இப்படிப்பட்ட கேள்விகளுக்காகத்தான் இருக்கிறது. முதல் கூட்டத்தில் அவள் இதைச் சொல்லி முடித்ததும் மூவரும் சொக்கிப்போனார்கள். எனக்குக் கூட கண் கலங்கிவிட்டது. அடடா, இதற்குத்தானே இந்தத் திட்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அவர்கள் கூட்டம் நடத்துகிற முறையைச் சொல்ல வேண்டும். எங்கள் திட்டத்தில் எழுதப்படாத ஒரு மரியாதை உண்டு. அடுத்தவர் துறையில் மூக்கை நுழைக்கக் கூடாது. தாவரவியல் அத்தியாயத்தைப் பற்றித் தாவரவியல்காரர்தான் பேசுவார். மற்ற இருவரும் பலாப்பழச் சிப்ஸ் தின்றுகொண்டே தலையாட்டுவார்கள். அவரும் இவர்கள் முறை வரும்போது அதே மாதிரி தலையாட்டுவார். தலையாட்டுவது மட்டுமில்லை, பாராட்டவும் வேண்டும். தனக்குத் தெரியாத பாடத்தை வாயாரப் பாராட்டுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஆய்வேட்டின் முதல் வரைவு வந்தது. அறிமுகம், மூன்று பெரிய அத்தியாயங்கள், முடிவுரை. அந்தக் கூட்டத்தில் தாவரவியல்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வரலாறு பிரமாதமா இருக்கு. பொருளாதாரமும் பிரமாதம். ஆனா என் அத்தியாயம் இருக்கே, அதை தாவரவியல்னு சொல்ல முடியாதும்மா. ஒரு இலையைக்கூட வெட்டிப் பார்க்கலை. மைக்ராஸ்கோப் எங்கே? இதை எடுத்துட்டா மத்த ரெண்டும் இன்னும் எடுப்பா நிக்கும்" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவர் துறை, அவர் சொன்னால் சரி. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அடுத்த கூட்டத்தில் பொருளாதார அம்மாள். "வரலாற்றைப் படிச்சு அசந்துபோயிட்டேன் போங்க. ஆனா என் அத்தியாயத்துல ஒரு சமன்பாடு இல்லை, ஒரு மாடல் இல்லை. வீடு வீடாப் போய் பேசிட்டு வந்து எழுதினா அது பொருளாதாரமா? வெளியில இருந்து வர்ற தேர்வாளர் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. இது வேண்டாம், எடுத்துரு" என்றார். தலைகள் ஆடின. ஒருமனதாக நிறைவேறியது. அவருக்கு முந்தைய கூட்டத்துத் தீர்மானம் ஞாபகத்தில் இல்லை. அது அவர் துறை இல்லையே, அதை எதற்கு ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்?

அதற்கடுத்த கூட்டத்தில் வரலாற்றுக்காரரும் தன் பங்குக்குச் சொன்னார். காப்பகத்து ஆவணம் ஒன்றுமே இல்லையாம். பழைய பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு வரலாறு எழுத முடியாதாம். "மத்த அத்தியாயங்களோட தரத்துக்கு இது வரலை" என்றார் சிரிக்காமல். அந்த மூன்று தீர்மானங்களிலும் நானும் கையெழுத்துப் போட்டேன். எடுத்துவிடு என்றால் திருத்தி எழுது என்று அர்த்தம் என நான் எடுத்துக்கொண்டேன். பேராசிரியர்கள் பேசுகிற பேச்சில் பாதியை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இதற்குள் அவளுக்குக் கொடுத்திருந்த காலக்கெடு முடியப் போனது. ஏற்கெனவே நீட்டிப்பு வாங்கியாயிற்று. பதிவாளர் அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது: மாதக் கடைசிக்குள் குழு ஒப்புதல் வராவிட்டால் பதிவு ரத்து, மறுபேச்சு கிடையாது என்றார்கள். ரத்து என்றால் இத்தனை வருட உழைப்பும் குப்பைக்கூடைக்கு. அவளுக்குப் பட்டம் கிடைக்காது, பட்டத்தை நம்பியிருக்கிற வேலையும் கிடைக்காது. நான் அவசரமாக ஒரு கூட்டம் கூட்டினேன். டிசம்பர் மாதம், மலையெல்லாம் காப்பிப் பழம் சிவந்து கிடந்தது. கூட்டம் முடிந்ததும் மலையுச்சியிலுள்ள சேர்வராயன் கோயிலுக்குப் போய்வரலாம் என்று ஆசை காட்டித்தான் மூவரையும் வரவழைத்தேன்.

அன்று அவள் சேலத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, அவர்களுக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டாள். தோளில் கனமான ஒரு பை. அதைக் கூடத்து மூலையில் வைத்துவிட்டு, சமையலறையில் எனக்குக் கூடமாட வெங்காயம் உரித்தாள். மேசை மேல் ஆய்வேட்டின் பிரதிகளை அடுக்கி வைத்திருந்தாள். நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை கூட இதைவிடத் தடிமனாக இருக்கும்.

"ஏன் கண்ணு, மீதி எங்கே?"

"அவ்வளவுதானுங்க மேடம்."

புரட்டினேன். நன்றியுரை, அறிமுகம், அப்புறம் நேராக முடிவுரை, அப்புறம் துணைநூல் பட்டியல். நடுவில் ஒன்றுமில்லை.

"மூணு அத்தியாயத்தையும் எடுத்துட்டியா?"

"எடுக்கச் சொல்லித்தானுங்க தீர்மானம் போட்டிருக்குது. தீர்மானத்தின்படி திருத்தலைன்னா பதிவாளர் ஆபீஸ்ல வாங்க மாட்டாங்களாமுங்க."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எல்லாத்தையும் எடுத்துட்டா என்னம்மா மிஞ்சும்?"

"கேட்டனுங்க மேடம். ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியாப் போய்க் கேட்டன். மத்த ரெண்டும் நல்லாத்தான இருக்குது, அது போதும்னு மூணு பேருமே சொன்னாங்க."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வெங்காயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. அந்த மூவர் மேலும் கோபம், தலையாட்டிய என் மேலும் கோபம், இந்தப் பெண்ணின் பொறுமை மேல் எல்லாவற்றையும் விடக் கோபம். என்னிடமாவது வந்து நாலு வார்த்தை கத்தியிருக்கலாம். நான் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு, "சரி, நீ வாயைத் திறக்காதே. அவங்களே படிக்கட்டும்" என்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை.

கார் வந்தது. தாவரவியல்காரர் வேலியோரம் போய்விட்டு வந்தார். வரலாற்றுக்காரருக்கு டீ கொடுத்தேன். வெளியே பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பொருளாதார அம்மாள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் முடிச்சுக்கலாங்க, அப்புறம் கோயிலுக்குப் போனா ஒண்ணுமே தெரியாது" என்றார். நான் ஆளுக்கொரு பிரதியைக் கையில் கொடுத்தேன். ஒவ்வொருவரும் வழக்கப்படி தன் அத்தியாயத்தைத் தேடினார்கள். தன்னுடையது போய்விட்டதா என்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். பிறகு பாராட்டுவதற்காக மற்றவர்களுடையதைத் தேடினார்கள்.

அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே. தாவரவியல்காரர் பக்கங்களை முன்னும் பின்னுமாகப் புரட்டினார், பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் புரட்டினார். வரலாற்றுக்காரர் பொருளாதார அம்மாளின் பிரதியை எட்டிப் பார்த்தார், தன்னுடையதில்தான் பக்கங்கள் விட்டுப்போயிருக்கின்றன என்று நினைத்திருப்பார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இன்னொருவர் அத்தியாயம் எங்கே என்று கேட்பதும் மூக்கை நுழைப்பதுதானே? ஆகவே மூவரும், மிஞ்சியிருந்த ஒரே விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். அது முடிவுரை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை கூட்டங்களில் ஒரு தடவைகூட யாரும் முடிவுரையைப் பற்றிப் பேசியதில்லை. அது எந்தத் துறைக்கும் சொந்தமில்லை, அதனால் அதை யாரும் படித்ததில்லை.

முடிவுரை சில பக்கங்கள்தான். சாமையைக் காப்பி விரட்டவில்லை என்று அவள் எழுதியிருந்தாள். சாமைக் கதிர் முற்றுகிற காலத்தில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை காட்டில் யாராவது நின்று குருவி ஓட்ட வேண்டும். ஆண்கள் வேறு வேலைக்கும் பெண்கள் எஸ்டேட் கூலிக்கும் போய்விட, காவல் பரணில் ஏறித் தகரம் தட்டியவர்கள் பெண் குழந்தைகள். அந்தப் பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தார்கள். காட்டில் காவல் இல்லாமல் போனது. காவல் கேட்காத பயிர் எதுவோ அதற்குக் குடும்பங்கள் மாறிக்கொண்டன. அவ்வளவுதான் அவள் சொன்னது.

முதலில் பொருளாதார அம்மாள்தான் தாங்க மாட்டாமல் பேசினார்.

"இதெப்படிம்மா சொல்ற? காப்பிக்கு விலை ஏறிச்சு, அதனால மாறினாங்கன்னு ஏன் இருக்கக் கூடாது?"

அவள் எழுந்து நின்றாள். "விலை எறங்கிக் கெடந்தப்பவும் மாத்தியிருக்காங்க மேடம். எந்த ஊட்டுப் பொண்ணு மொதல்ல படிக்கப் போச்சோ, அந்த ஊட்டுலதானுங்க மொதல்ல காப்பி வெச்சாங்க. ஊடு ஊடாக் கேட்டு எழுதியிருந்தனுங்க."

"அது எங்கே?"

"நீங்க எடுக்கச் சொன்ன அத்தியாயத்துலங்க மேடம்."

பொருளாதார அம்மாள் பிரதியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். வரலாற்றுக்காரர் கிண்டலாகச் சிரித்துக்கொண்டே முன்னால் நகர்ந்தார். "சரி, பொண்ணுங்க எப்பப் போனாங்கன்னு எப்படித் தெரியும்? ஊர்ல சொல்றதை நம்பிட முடியுமா?"

"பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டுல இருக்குதுங்க சார். மொதல்ல எல்லாம் கதிர் முத்துற மாசத்துல மலைப் பொண்ணுங்க ஒருத்தரும் பள்ளிக்கூடம் வந்திருக்க மாட்டாங்க. அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா வர ஆரம்பிச்சிருக்காங்க."

"அந்தப் பதிவேடு பத்தி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். டீ கிளாஸை எடுத்து வாயில் வைத்தார். அது எப்போதோ காலியாகியிருந்தது.

தாவரவியல்காரர் அனுபவசாலி. அவர் வேறு விதமாகக் கேட்டார். "ஏம்மா, என் அத்தியாயத்துலயும் ஏதாச்சும் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க சார். எந்தப் பயிர் எப்ப முத்துது, எதை எந்தப் பறவை திங்குது, எதுக்கு எத்தனை நாள் காவல் வேணும்னு காட்டுலயே உக்காந்து பாத்து எழுதியிருந்தனுங்க. அது இல்லீன்னா மத்ததுக்கு அர்த்தமே இல்லீங்க சார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் பொருளாதார அம்மாள் விடுகிற ஆள் இல்லை. தோற்றுப்போன இடத்திலிருந்து இன்னொரு கேள்வியைக் கிளப்பினார்.

"அப்ப என்னதான் சொல்ல வர்ற? பொண்ணுங்களைப் படிக்க வெச்சது தப்புங்கறியா? அதனால மலையில சாமை போச்சு, சாப்பாடு போச்சுன்னு நாளைக்கு எவனாச்சும் இதைத் தூக்கிக்கிட்டு வருவான். தெரியுதா?"

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். நான் உள்ளுக்குள் கையைப் பிசைந்தேன். இந்தக் கேள்விக்குத் தடுமாறினால் அவ்வளவுதான், இன்னும் ஆறு மாதம் திருத்து என்று சொல்லிவிடுவார்கள். ஆறு மாதம் அவளிடம் இல்லை.

"தப்புன்னு எழுதலீங்க மேடம்" என்றாள். "எங்கூட்டுக் கதையைச் சொல்றனுங்க. அது எந்த அத்தியாயத்துலயும் இல்லீங்க. எங்கம்மா என்னைய விடுதிப் பள்ளிக்கூடத்துல சேத்த வருசம் காட்டுல சாமை போட்டிருந்துச்சு. குருவி ஓட்ட ஆளில்ல. பாதிக் காடு குருவிக்கே போச்சு. ஊர்ல எல்லாரும் சொன்னாங்களாமுங்க, புள்ளையக் கூட்டிட்டு வந்துருன்னு. எங்கம்மா சாமையைத்தான் நிறுத்துச்சு. என்னையத் திரும்பக் கூப்பிடலீங்க."

அவளே தொடர்ந்தாள். "இன்னிக்கு வரைக்கும் கூப்பிட்டதில்லீங்க மேடம். லீவுக்குப் போனாக்கூடக் காட்டுப் பக்கம் விடாது. இந்த ஆராய்ச்சிக்காக ஊருக்குப் போனப்பவும், கேட்க வேண்டியதைக் கேட்டுட்டியா, கெளம்புன்னு பஸ் ஏத்தி வுட்டுரும். நொம்ப நாளு எனக்கு அது கோவமா இருந்துச்சு. ஊட்டுல நான் வேண்டாத புள்ளையோன்னு நெனைச்சுக்கிட்டிருந்தன். இதை எழுதுனப்பதானுங்க புரிஞ்சுது. மத்த ஊடுகள்லயும் இதேதானுங்க நடந்திருக்குது. புள்ளையைக் கூப்பிடாம இருக்கறதுக்காகப் பயிரை மாத்தியிருக்காங்க."

தாவரவியல்காரர் மூக்கைச் சிந்தினார். குளிர் என்று சொல்லிக்கொண்டார். பொருளாதார அம்மாள் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை, நேராகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் நான் ஒருங்கிணைப்பாளர், யாராவது ஒருவர் காரியத்தைப் பார்க்க வேண்டும்.

காரியத்தில்தான் ஒரு சிக்கல். அத்தியாயங்கள் திரும்ப வந்தால்தான் ஆய்வேடு ஆய்வேடாகும். அதற்கு மூன்று பழைய தீர்மானங்களையும் ரத்து செய்ய வேண்டும். தான் சொன்னதைத் தானே வாபஸ் வாங்கிக்கொள்கிற பேராசிரியரை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டால் கோயிலுக்கு நேரமாயிற்று என்று ஒருவர் எழுந்துவிடுவார், எனக்குத் தெரியும்.

"ஒரு நிமிஷம்" என்றேன். "இன்னிக்கு மட்டும் நம்ம மரியாதையைத் தள்ளி வைப்போம். யாரும் அவங்கவங்க துறையைப் பத்திப் பேசவேண்டாம். அடுத்தவர் துறையைப் பத்தி மட்டும்தான் தீர்மானம் கொண்டுவரலாம்."

முதலில் புரியாமல் விழித்தார்கள். பிறகு தாவரவியல்காரர் முகம் மலர்ந்தது. "வரலாற்று அத்தியாயத்தை எடுத்தது எனக்கு அப்பவே மனசுக்கு ஒப்பலைங்க" என்றார், அப்போது தலையாட்டிய மனிதர். "அதைத் திரும்பச் சேர்க்கணும்னு நான் முன்மொழியறேன்." வரலாற்றுக்காரர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டு, பொருளாதார அத்தியாயம் இல்லாமல் இந்த ஆய்வு நொண்டும் என்று முன்மொழிந்தார். பொருளாதார அம்மாள் மைக்ராஸ்கோப்பைப் பற்றி ஒரு சின்னக் குத்துக் குத்திவிட்டுத் தாவரவியலைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒருவரும் தன் வாக்கை மாற்றிக்கொள்ளவில்லை. மூன்று அத்தியாயங்களும் வீடு வந்து சேர்ந்தன. ஆய்வேட்டுக்கு ஒப்புதல், ஒருமனதாக.

"அந்தப் பக்கங்கள்லாம் பத்திரமா இருக்காம்மா? எடுத்ததை எங்கே வெச்சிருக்கே?" என்று வரலாற்றுக்காரர் கவலையோடு கேட்டார்.

"பையிலதானுங்க சார் இருக்குது" என்று மூலையைக் காட்டினாள். பேருக்குக்கூட ஒரு சிரிப்பு இல்லை அவள் முகத்தில். அவள் பொறுமையைப் பற்றிக் காலையில் நான் நினைத்ததெல்லாம் தப்பு என்று அந்தக் கணத்தில் பட்டது. படுகாரியக்காரி.

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். பனி முற்றாக இறங்கிவிட்டதால் கோயில் பயணம் போயிற்று, அதைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை. முதன்முறையாக அவர்கள் மூவரும் ஒருவர் அத்தியாயத்தை மற்றவர் வாங்கி வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்கள், நடுநடுவே சண்டையும் போட்டுக்கொண்டார்கள். அடுத்தவர் துறையில் மூக்கை நுழைப்பதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது போலிருக்கிறது.

அவள் அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்றாள். என் வீட்டில் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அவள் போனில் காதில் வைத்துக் கேட்கிற பாகம் பழுது. ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச முடியும். நான் வெளியே போகப் பார்த்தேன், அவள் என் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"ஏங் கண்ணு, என்ன சொன்னாங்க?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். பின்னால் கோழி கத்துவது கேட்டது.

"ஒத்துக்கிட்டாங்கம்மா."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். இன்னும் ஒரு வாய்மொழித் தேர்வு இருக்குது, அதுக்குப் பயமில்ல."

"அப்ப படிப்பு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

லைன் போய்விட்டதோ என்று அவள் போனை ஜன்னல் கம்பிக்கு நெருக்கமாகக் கொண்டுபோனாள்.

"அப்பச் சரி" என்றது குரல். "காட்டுல பழமெல்லாம் பழுத்து உதிருது. பறிக்க ஆளில்ல. நீ ஊட்டுக்கு வந்துரு சாமி."

அவள் பதில் சொல்வதற்குள் அம்மா போனை வைத்துவிட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். "எங்கம்மா கூப்பிட்டுருச்சுங்க மேடம்" என்றாள். கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் அசையாமல் நின்றவள், என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பிள்ளையாக அழுதாள்.